முன்தேதி

பீன்யா இரண்டாம் ஸ்டேஜில் மழை.
செப்டம்பர் பதினெட்டு, மாலை ஐந்தேகால்.
என் மேசையில் மட்டும்
போன மார்ச் இன்னும் முடியவில்லை.

புனேக்காரன் கேட்ட வால்வு ஸ்பிரிங்கில்
பைசா பைசாவாக ஒதுங்கிய லாபம்.
இப்போதுதான் கூட்டிப் பார்த்தோம்.
முதலாளி ராவ் கண்ணாடியைத் துடைத்தார்,
மறுபடியும் துடைத்தார்.
"வரியாகக் கட்டுவதற்கு
ஆட்களின் ஓய்வு நிதியில் போட்டுவிடலாமா?"
தர்மமா தந்திரமா என்று நான் கேட்கவில்லை.
கணக்கெழுதுகிறவள் கேட்கிற கேள்வியா அது.

ஆடிட்டர் போனில் சொன்னார்:
"ரிட்டர்ன் தாக்கலாகும் வரை
போன வருஷம் திறந்துதான் கிடக்கும் மேடம்.
தாராளமாகப் போடுங்கள். ஆனால்
மார்ச் முப்பத்தொன்றில் யார் யார் இருந்தார்களோ
அவர்களுக்கு மட்டும்."

இருந்தார்களோ.
இந்த ஒரு சொல்லோடு
மஸ்டர் ரோலைப் புரட்டுகிறேன்.

சன்னபசப்பா இருந்தார், இருக்கிறார்,
காயிலிங் மெஷினைக் கன்னடத்தில் திட்டியபடி.
பிந்தேஷ்வர் இருந்தான்.
ஏப்ரலில் தங்கை கல்யாணத்துக்குச் சாப்ரா போனவன்
திரும்பவில்லை. அவன் நம்பரில் இப்போது
யாரோ ஒரு பெண் எடுத்து
போஜ்புரியில் அலுத்துக்கொள்கிறாள்.
தௌஃபீக், பாவம், ஏப்ரல் ஒன்றில் சேர்ந்தவன்.
ஒரே ராத்திரியில் தவறிப்போயிற்று.
நேற்று அவன் டீ கொண்டுவந்து வைத்தபோது
பட்டியலை முழங்கையால் மறைத்துக்கொண்டேன்.

அப்புறம் ஆரோக்கியமேரி.
பாக்கிங் செக்‌ஷன், டோக்கன் நாற்பத்தொன்று.
மார்ச் முப்பத்தொன்றில் இருந்தாள்:
இரண்டாம் ஷிப்ட், ஓவர்டைம் ஒன்றரை மணி,
கையெழுத்தில் வழக்கம்போல
'ரோ'வுக்குத் துணைக்கால் விட்டுப்போய்
ஆரேக்கியமேரி.

ஜூன் ஒன்பதில் இல்லை.
மூளைக்காய்ச்சல் என்றார்கள்,
இரண்டே நாள்.

ஆளுக்கு வருடச் சம்பளத்தில் ஏழரை சதவீதம்.
(எங்கள் பேச்சில் ஏழரை என்றால் வேறு.
அதை ராவிடம் சொல்லவில்லை.)
அவள் கணக்கில்
பதினேழாயிரத்து நானூற்று அறுபது ரூபாய்.
ஓய்வு பெறும் தேதி? என்று கேட்டுவிட்டு
கம்ப்யூட்டரே பிறந்த நாளிலிருந்து கூட்டிச் சொல்கிறது:
2041, ஆகஸ்ட்.
கொஞ்ச நேரம் அந்த ஆகஸ்ட்டை
அழிக்காமல் வைத்திருந்தேன்.

பிப்ரவரி பன்னிரண்டு.
இதே மேசைக்கு முன்னால் நின்றாள்,
கையில் பசை டேப் ஒட்டியிருந்தது.
மூவாயிரம் அட்வான்ஸ் வேண்டும்,
பையனுக்குப் பரீட்சை ஃபீஸ் கட்டாமல்
உள்ளே விடமாட்டேன் என்கிறார்களாம்.
'நிதி நிலைமை காரணமாக இயலாது'
என்று எழுதியது என் கை.
பொய் இல்லை. அன்றைக்கும் பணம் இருந்தது,
நாங்கள்தான் கூட்டிப் பார்த்திருக்கவில்லை.
சரிக்கா என்றாள்.
டேப்பைப் பிய்த்துக்கொண்டே போனாள்.

மார்ச் முப்பத்தொன்று வரை
பின்னால் போக எனக்கு அனுமதி உண்டு.
பிப்ரவரி பன்னிரண்டுக்கு இல்லை.
கேட்டுப் பார்க்கலாம் என்று போனைக்கூட எடுத்தேன்.
ஆடிட்டர் என்ன நினைப்பார்.

வாரிசு: ஜெரால்டு, மகன், வயது பதினொன்று.
மைனர் என்பதால் காப்பாளர் கையெழுத்து வேண்டும்.
நாளை பத்து மணிக்கு அவள் தம்பி வருகிறான்,
பையனையும் அழைத்துக்கொண்டு.

இது எப்போ வந்த பணம் என்று கேட்டால்
மார்ச் என்றுதான் சொல்லவேண்டும்,
காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது.
மார்ச்சில் உன் அக்காவிடம்
பதினேழாயிரத்துச் சொச்சம் இருந்தது தம்பி,
அவளுக்குத்தான் தெரியாது.

இதை எப்படிச் சொல்வது.
வருகிறவன் அந்த நாற்காலியில்தான் உட்காருவான்,
ஒரு கால் ஆடும், அட்டை மடித்து வைக்கவேண்டும்.
தௌஃபீக்கிடம்
காலையில் இரண்டு தேங்காய் பன்
கூடுதலாக வாங்கச் சொல்லவேண்டும்.